திருடினால்தான் தழைக்கும் கீரை

இரும்புலியூரில் கங்கையம்மாள் வீட்டு லச்சகொட்டைக் கீரையைத் தின்னாத முழங்காலே கிடையாது. இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். இரண்டு தெரு முழங்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தெருவிலும் யார் மூட்டைப் பிடித்துக்கொண்டு முனகினாலும், மஞ்சளோடிய பச்சையில் உள்ளங்கை அகல இலைகள் ஒரு கட்டு அவர்கள் வாசலுக்குப் போய்விடும். பருப்புப் போட்டுக் கடைவதா, அரைத்து அடைமாவில் கலப்பதா என்ற உத்தரவும் கூடவே போகும்.

புகுந்த வீட்டார் நெல் விளைத்த ஏழு காணி நிலத்தின் மேல் இப்போது பைபாஸ் லாரிகள் ஓடுகின்றன. மீதி மனையாகி, மனை மாடியாகி, குடும்பத்துக்கு இரண்டு வரிசை வாடகை வீடுகள் மிஞ்சின. விவசாயம் என்று கங்கையம்மாளுக்கு மிஞ்சியது தண்ணீர்த் தொட்டி ஓரத்து அந்த ஒற்றைக் கீரை மரம். அந்த ஏழு காணிக்கும் உண்டான கர்வத்தை அவள் அந்த ஒன்றின் மேலேயே வைத்திருந்தாள்.

அதற்கு அவளே ஒரு சட்டமும் நடத்திவந்தாள். கொம்பைக் கேட்டு வாங்கி நட்டால் பட்டுப்போகும். திருடி நட்டால்தான் தழைக்கும். யாராவது வாயைத் திறந்து கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்பாள். பிறகு வேறெதையோ சொல்வதுபோல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தான் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவதைச் சொல்வாள். அன்று மத்தியானம் அரிவாள் தவறாமல் மதில்மேல் மறந்து கிடக்கும். உள்ளே அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். வெட்டத் தெரியாமல் பட்டையை உரிக்கிற திருடர்களுக்கு மட்டும் ஒரு இருமல்.

திருட்டுகளிலேயே அவள் மெச்சியது எதிர்வீட்டு சாஜிதாவின் திருட்டை. சாஜிதாவின் கணவர் உமர் மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டு மரம் முதல் மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது. திருடிய கை அப்படி என்று கங்கையம்மாள் ஊரெல்லாம் சொல்வாள். சாஜிதா ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, சிரித்துவைப்பாள்.

பிறகு அந்த டிசம்பர் மழை வந்தது. தெருவில் நின்ற தண்ணீர் வடிவதற்குள் கங்கையம்மாள் வீட்டு மரம் வேரோடு அழுகி, வாழைத்தண்டுபோல் சாய்ந்தது. துக்கம் கேட்க இரண்டு தெருவும் வந்தது. ஒருவர்கூடக் கொம்பு கொண்டுவரவில்லை. அவள் சட்டத்தை அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள், கொடுத்தால் பட்டுப்போகுமே.

முழங்கால் வலி திரும்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். குரோம்பேட்டை டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைக் கீரைக் கடையலோடு சேர்த்து அவள் விழுங்கிவந்த விஷயம் யாருக்கும் தெரியாது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கீரை இல்லாத கங்கையம்மாள் மாதம் பிறந்தால் வாடகை வாங்க வருகிற வெறும் ஹவுஸ் ஓனர் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே திருடப் புறப்பட்டாள். உமர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம். இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு, விருந்துக்குப் போகிறவள்போல கேட்டைத் திறந்து உள்ளே போனாள். ஒரு கொம்பை வளைத்தபோது மதில்மேலிருந்த கேமரா பேசியது.

"அக்கா, அது எளசு. இந்தப் பக்கம் முத்தல் கொம்பா பாத்து வெட்டுங்க."

வாசலில் யாரோ சைக்கிளைக் கொண்டுபோன பிறகு உமர் மாட்டிய கேமரா. சாஜிதா அடுப்படியில் நின்றபடி செல்போனில் பார்த்து, அதன் வழியாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

கங்கையம்மாள் கத்தியை இறக்கி, கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். "கெடுத்துட்டியேமே. நீயே எட்த்துக்கோன்னுட்டா அது திருட்டாவுமா?"

கேமரா சமாதானம் சொன்னது. "நான் பாக்கலன்னு வச்சுக்குங்களேன்."

"பாத்துட்டு பாக்கலன்னா மரத்துக்குத் தெரியாதா?"

சாஜிதா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். வேண்டுமானால் திட்டித் துரத்துகிறேன் என்று, இடுப்பில் கைவைத்து நாலு வார்த்தை திட்டியும் பார்த்தாள். ஒவ்வொரு வசவின் முடிவிலும் ஒரு 'அக்கா' வந்து ஒட்டிக்கொண்டதால் அது செல்லாது என்று கங்கையம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டு, படியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இதுவும் பட்டுப்போச்சுன்னா, இந்தத் தெருவுல எனுக்குன்னு இன்னா கீது, சொல்லு."

சாஜிதா பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு உமர் உள்ளே வந்தார். நடந்ததை முழுக்க அவரிடம் ஒப்பித்த கங்கையம்மாள், திருட்டு என்றால் அவர் பெண்டாட்டி செய்தாளே அப்படிப் பதவிசாகச் செய்ய வேண்டும், தனக்கு அந்தக் கைராசி இல்லை என்று முடித்தாள்.

உமர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சொல்ல வேண்டாம் என்று சாஜிதா கண்ணைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"இவ திருடலக்கா. நான்தான் உங்க புள்ள தயாளன்கிட்ட கேட்டேன். அவனே வெட்டி, ஈரச் சாக்குல சுத்தி, கடைக்குக் கொண்ணாந்து குடுத்தான். இது கேட்டு வாங்கி வச்சது."