ஆர்லிஸின் மாவு கண்டுபிடித்த நட்சத்திரம்

என் அக்காள் புருஷன் டெல்மர் டோர்விக், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில் எங்கள் ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர். குளிர்காலம் முழுக்க ஊரே அவர் ஒதுக்கிய பாதையில்தான் வேலைக்குப் போகிறது. நன்றி சொன்னவன் ஒருத்தன் கிடையாது. என் வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போய்விட்டான் என்று திட்டுகிறவர்கள்தான் உண்டு. நானும் அதில் சேர்த்தி.

மனிதருக்கு ஒரே ஆசை. சாவதற்குள் தன் பெயர் எங்கேயாவது அச்சில் வரவேண்டும். அதற்கு அவர் பிடித்த வழி இருக்கிறதே! ஊரார் கழித்துப்போட்ட கணினிகளையெல்லாம் பொறுக்கிவந்து பின்னறையில் அடுக்கினார். வானத்திலிருந்து வரும் இரைச்சலை ஒரு பல்கலைக்கழகம் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்புகிறது. இவரைப் போன்றவர்களின் கணினிப் பெட்டிகள் அதைச் சலித்து, துடிக்கும் நட்சத்திரம் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்க்கும். கூலி கிடையாது. அகப்பட்டால் அது உலகத்துக்கே பொது. எந்தப் பெட்டி பிடித்ததோ, அதன் கணக்கில் இருக்கும் பெயரை மட்டும் ஆய்வுக் கட்டுரையில் அச்சடிப்பார்கள்.

பெட்ரோல் பங்கில் காபி குடிக்கும்போதெல்லாம் சீண்டுவேன். படித்தவனுக்குப் பட்டம், உமக்குக் கரண்டு பில்லா என்பேன். அவருக்குக் கோபமே வராது.

"பெட்டி யார் கணக்குல இருக்கோ, பெருமை அவங்களுக்கு மாப்ளே. சட்டம்னா சட்டம்."

அக்காள் ஆர்லிஸ் அந்த அறையைக் கரித்துக்கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு ஜனவரியில் அடுப்படி குளிரில் ரொட்டி மாவு பொங்க மறுக்கவே, பாத்திரத்தைக் கொண்டுபோய் அந்தப் பெட்டிகள் மேல் வைத்தாள். அந்தச் சூட்டில் மாவு எழும்பி நின்ற அழகைப் பார்த்துவிட்டு, தனக்கென்று ஒரு பெட்டி வேண்டும், அதை யாரும் அணைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். டெல்மர் ஒரு பழைய பெட்டியை அவளுக்கு ஒதுக்கி, கணக்குக்கு என்ன பெயர் என்று கேட்டார். அவள் கையெல்லாம் மாவு. "மாவு பொங்கணும். பேராம் பேரு," என்றாள். அவர் 'ஆர்லிஸின் மாவு' என்று தட்டிவிட்டார்.

மார்ச்சில் செய்தி வந்தது. நட்சத்திரம் அகப்பட்டுவிட்டது. பிடித்தது 'ஆர்லிஸின் மாவு'.

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. டெல்மர் அன்று சாப்பிடவே இல்லை.

மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். கட்டுரையில் என்ன பெயர் போடட்டும் என்று கேட்டாள். தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கூட இருந்தேன். ஆர்லிஸ் துளிகூட யோசிக்கவில்லை.

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் செஞ்சதும்மா. அவர் பேரையே போட்டுக்க."

வாயை மூடிக்கொண்டிரும் என்று டெல்மரின் தொடையில் கிள்ளினேன். மனிதர் கேட்டால்தானே.

"இல்லம்மா. பெட்டி அவ கணக்குல இருக்கு. அவளோடதுதான் வரணும்."

அவரைத் தூக்கிப்போட்டு மிதிக்கலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா? ஆர்லிஸ் அவரையே கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு அந்த நட்சத்திரம் யாருக்குச் சொந்தம் என்று தொலைபேசியில் விசாரித்தாள். யாருக்கும் இல்லை, எல்லாருக்கும்தான் என்றாள் அந்தப் பெண்.

"அப்ப எங்களுக்குன்னு வர்றது அந்த ஒரு வரிதான். அதுல என் மாவு பேரு இருக்கட்டும். பக்கத்துலயே, கரண்டு டெல்மர் டோர்விக்னு போடு. போடலைன்னா என் மாவையும் எடுத்துரு."

அப்படிப் போடுகிற வழக்கம் இல்லையே என்று இழுத்தாள் அந்தப் பெண். பேராசிரியரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

கோடையில் கட்டுரை தபாலில் வந்தது. டெல்மர் அதைப் பெட்ரோல் பங்குக்கு எடுத்துவந்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காபிக் கோப்பை பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் எடுத்துப் படித்தேன். நன்றி சொல்லியிருந்த இடத்தில், பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் கீழே, ஒரு வரி இருந்தது: 'ஆர்லிஸின் மாவு, மின்னசோட்டா. மின்சாரம்: டெல்மர் டோர்விக்.'

கேலி செய்ய வாயைத் திறந்தவன், அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன்.

"எழுத்துப் பிழை ஏதும் இல்லியே?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பங்கில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

"அப்ப கொஞ்சம் சத்தமாப் படி மாப்ளே."

படித்தேன்.