முதல் வாய் அத்தானுக்கு, அடுத்தது கைசருக்கு

களியக்காவிளைச் சந்தையில், என் வாழைக்குலை ஒன்றை ஆற்றில் போட்டால் பேச்சிப்பாறை அணையே தேவையில்லை, தண்ணீர் தானாக நின்றுவிடும் என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஆள் வந்தான். "தங்கையா அண்ணன் தவறிட்டாரு, ஓய்" என்றான். குலைகளை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.

தங்கையா அத்தான் என் அக்காள் பாக்கியத்தின் கணவர். அவரை அறிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு என்னையும் தெரியும். நான் சொல்வதில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நம்புவது நம் ஊர் வழக்கம். தள்ளிக்கொண்டே படியுங்கள். எங்கே தள்ளக்கூடாதோ அங்கே சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த அக்காள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கஞ்சி வேண்டாம், கருப்பட்டிக் காப்பி வேண்டாம். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பாத்திரங்கள் மூடி திறக்காமலே திரும்பின. இவளுக்கும் குழி வெட்ட நேருமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. முற்றத்தில் அத்தானின் நாய் கைசரும் அதே விரதம். நிரம்பிய சட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும், வாய் வைக்காது.

கைசர் முதலில் பக்கத்து விளைத் தோட்டத்துப் பொன்னையாவின் நாய். மரச்சீனிக் கிழங்கு தோண்ட வரும் பன்றிகளை விரட்டுவதற்காக வளர்த்தார். பட்டினி போட்டால்தான் நாய்க்கு ரோஷம் வரும் என்பது அவர் சித்தாந்தம். அதற்கு மேல், கருவாட்டில் காந்தாரி மிளகாயை அரைத்துக் கொடுப்பார். நாய்க்கு வந்த ரோஷத்தில் பன்றிகளெல்லாம் மலையாளக் கரைக்குக் குடிபோயின என்றுதான் நான் சொல்லித் திரிந்தேன். உண்மையில் அது பன்றியை விட்டுவிட்டுப் பொன்னையாவின் கோழிகளைத் தின்றது.

ஒருநாள் அது வாயில் நுரை தள்ளி, கால் தடுமாறி, கிட்டே வந்தவர்களையெல்லாம் கடிக்கப் பாய்ந்தது. வெறி பிடித்துவிட்டது என்று ஊரே கம்போடு கூடியது. "அடிச்சுக் கொல்லுங்கலே!" என்று முதலில் கத்தியவரே பொன்னையாதான். அத்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பொன்னையா, அதுக்குத் திங்க என்னவே குடுத்தீரு?"

"கிழங்கு அவிச்ச வெள்ளந்தான். கசக்குத கட்டன் மரச்சீனி. மனுசனே திங்குதான், நாய்க்கு என்ன கேடு?"

"மனுசன் அந்த விஷ வெள்ளத்த வடிச்சுக் கொட்டிட்டுல்லா திங்குதான்! நீரு கொட்ட வேண்டியத அது வயித்துல கொட்டுதீரு. உம்ம சம்சாரம் அத உமக்கு ஊத்தினா நீரும் கடிப்பீரு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்த கைக்குக் கம்பு கனக்கும். அத்தான் தூரத்திலிருந்தே சுருக்குப் போட்டு நாயைப் பிடித்து, பலாமரத்தடியில் கட்டினார். வெறியாக இருந்தால் அதுவே செத்துவிடும், யாரும் கிட்டே போகவேண்டாம் என்றார். பச்சரிசிக் கஞ்சி, அவித்த சாளை மீன், கொஞ்சம் தேங்காய். உப்பில்லை, மிளகாயில்லை. நாய் சாகவில்லை. தடுமாற்றம் போயிற்று. பின்பு சீற்றமும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கினார். "வயிறு எரியுதவனுக்கு வேதபாடம் ஏறுமா? நாய்க்கும் அப்படித்தான்" என்பார். சட்டியை அதன் முன்னால் வைப்பார். தன் தட்டில் ஒரு வாய் எடுத்துத் தின்பார். பிறகு, "இனி நீ தின்னு மக்கா" என்பார். அந்தச் சொல் விழும்வரை கைசர் அசையாது. கோயில் அசன விருந்தில், ஜெபம் முடியுமுன்னே பருப்பில் கைவைத்த மூப்பரையும் அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்ததை நீங்களே கண்டீர்கள்.

அப்படிப்பட்ட நாய்க்கு இப்போது சொல் இல்லை. குரல் போலி செய்வதில் நான் சக்கரவர்த்தி. காக்கையே என் கரைதலைக் கேட்டுப் பெண் பேச வரும். கைசர் முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் தின்றேன். அத்தானின் அதே தொண்டையில், "இனி நீ தின்னு மக்கா" என்றேன். நாய் என்னைப் பார்க்கவில்லை. அக்காள் படுத்திருந்த அறையைப் பார்த்தது.

உள்ளேயிருந்து அக்காள் குரல் வந்தது. "நீ தின்னா அது திங்காதுலே. வீட்டு ஆளு திங்கணும்."

"அப்ப அது கெடந்து சாவட்டும். வீட்டு ஆளுதான் சுவரப் பாத்துக் கெடக்காளே."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படியில் உட்கார்ந்தாள். நான் நீட்டிய கஞ்சியில் ஒரு வாய் குடித்தாள். "இனி நீ தின்னு மக்கா" என்றாள். பாதியில் குரல் உடைந்தது. கைசர் எழுந்து சட்டியில் வாய் வைத்தது. அது தின்று முடிக்கும்வரை அவளும் அழுதுகொண்டே குடித்தாள்.

அத்தான் நாய்க்குச் சொல்லிக்கொடுத்த பாடம், அவர் போன பிறகு அக்காளை எழுப்பி உட்காரவைத்தது. இதில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

நாயும் கட்டிலும் விளையும் அக்காளுக்கு. என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது அவர் கேள்வி ஒன்றை. சீறிக்கொண்டு வருகிற எதைக் கண்டாலும் கம்பைத் தேடுமுன் கேட்கிறேன்: "அதுக்குத் திங்க என்னவே குடுத்தீரு?"