ஸ்டீல்லயே போடுங்க!

போன வாரம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு என் தம்பி குமார் போன் பண்ணினான்.

“அக்கா… பம்பு நின்னுபோச்சு.”

வேறு நாளாக இருந்தால், “அதுக்கு நான் என்னடா பண்ண?” என்று கேட்டிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை. மூன்று நாளாக அடைமழை. திருவிடைமருதூர் பக்கத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர். சம்பா நட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. பயிர் முழுசாகத் தண்ணீருக்குள். வடிகால் வாய்க்காலும் ததும்பி நிற்கிறது. தானாக வடிய வழியில்லை, இன்ஜின் வைத்து இறைத்தால்தான் உண்டு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே கிடந்தால் அவ்வளவும் அழுகிப்போகும்.

அந்த பம்பு நான் கொடுத்தது என்பது கூடுதல் தகவல்.

போன வருஷம் பழைய பம்பு ஒன்றை வாங்கி, தஞ்சாவூரில் ஒரு கடையில் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தேன். உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட் தண்டைத் தாங்க வளையம் மாதிரி ஒரு புஷ் இருக்கும். அதைக் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் போடப் போனார் கடைக்காரர். மஞ்சளாக, பித்தளை மாதிரி இருந்தது. எனக்குப் பொசுக்கென்று கோபம்.

“என் தம்பிக்குக் கொடுக்கறது. இந்த மெத்து சாமானெல்லாம் வேணாம். ஸ்டீல்லயே போடுங்க!”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வாயெடுப்பவர்களை உட்கார வைப்பதா எனக்குக் கஷ்டம்?

சரி, கதைக்கு வருகிறேன். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பம்பை டிக்கியில் போட்டுக்கொண்டு, அக்காளும் தம்பியுமாக பஷீர் பாயின் லேத் பட்டறையில் போய் நின்றோம். பஷீருக்கு நாற்பது வயசு இருக்கும். கல்ஃபில் பத்து வருஷம் லேத் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

பம்பைப் பிரித்தார். உள்ளே ஷாஃப்ட் முழுக்க வரிவரியாகக் காயம். புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்து, கையில் உருட்டிப் பார்த்தார். சாணைக்கல் கிரைண்டரில் லேசாகத் தொட்டார். சர்ர்ரென்று மஞ்சளாய் நீளமாய்ப் பொறி!

“ஸ்டீலு” என்றார். பிறகு ஒரு கன்மெட்டல் துண்டை அதே கல்லில் வைத்தார். ஒரு பொறிகூட இல்லை. “கன்மெட்டல் பொறி விடாது டீச்சர். பம்பு பாடிய வைங்க… செவப்பா, குட்டையா வரும். அது காஸ்ட் அயர்ன்.”

லேப் எதற்கு, மெஷின் எதற்கு? கண் ஒன்று போதும் அந்த மனிதருக்கு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“ஷாஃப்டும் ஸ்டீலு, புஷ்ஷும் ஸ்டீலு. ரெண்டும் விட்டுக்குடுக்காது. ஒண்ணையொண்ணு கடிச்சுத் தின்னுடும். கன்மெட்டல்னா அது தேயும், ஷாஃப்டு பொழைக்கும். தேயறதுதான் அதோட வேலையே. இதப் போயி யாரு ஸ்டீல்ல போட்டது?”

குமார் என்னைப் பார்க்கவே இல்லை.

“தெரியல பாய். கடையில அப்படியே குடுத்தாங்க” என்றான்.

நான்? கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். வெட்கக்கேடு.

பஷீர் ஷாஃப்டை லேத்தில் பூட்டினார். ஸ்டீல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. காயமெல்லாம் மறைந்ததும், நகத்தால் ஒருமுறை நீவிப் பார்த்தார். அடுத்தது புஷ். கன்மெட்டல் சுருளவில்லை, தங்க ரவையாக உதிர்ந்தது. அளவுக் கருவியைக் கடைசியில்தான் எடுத்தார், அதுவும் எங்கள் திருப்திக்காக என்றுதான் நினைக்கிறேன். ஷாஃப்டை உள்ளே விட்டார். ஆட்டமில்லை, இறுக்கமில்லை, விரலால் சுண்டினால் சுற்றுகிறது. அடடா, என்ன கை! எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. கணக்கு டீச்சராச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு வயலில் இன்ஜின் உறுமியது. குழாய் வாயிலிருந்து வடிகாலில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் குமார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

“குமாரு… அந்த ஸ்டீல் புஷ், நான்தான்டா போடச் சொன்னேன்.”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“கடைக்காரரு கேரண்டி கார்டுலயே எழுதியிருந்தாரு. ‘ஸ்டீல் புஷ், அம்மா பிடிவாதம், கேரண்டி கிடையாது’ன்னு.”

“அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?”

“நீ ஆசையா குடுத்த. எப்படிக்கா சொல்றது? கிரீஸ் போட்டுப் போட்டு ஒரு வருஷம் ஓட்டிட்டேன்ல…”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பம்பு வந்த அன்றிலிருந்து மட்டுமா இப்படி? நான் பிடிவாதம் பிடித்த போதெல்லாம், எங்கள் ரெண்டு பேரில் தேய்ந்தது அவன்தான். சத்தமே போடாமல் தேய்ந்திருக்கிறான்.

மறுநாள் சாயந்திரம் போன். “அக்கா, பயிர் நுனி தெரியுது!” பஷீர் பாய்க்கும் அப்போதே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்குத் தம்பி எனக்குச் சீர் கொண்டுவருவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருஷம் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன், கரும்போடு. நல்ல கரும்பாகக் கடைக்காரரே பார்த்து எடுத்துத் தரட்டும், நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன் — வாயைத் திறக்காமல்!