ஸ்டெல்லா அக்கா வீட்டு மணித்திரை

பூதிகோட்டையில் மகள் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் மகன் ராபின் போன் செய்தான். "ஆண்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றான். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டான்: "வாசல்ல அந்த மணித்திரை இருக்குதில்ல, பெட்டி உள்ள வரணும்னா கழட்டணும். கழட்டட்டுமா?" பெற்ற தாய் கிடக்கும்போது பிள்ளை கேட்கிற கேள்வியா இது! ஆனால் அக்காவைத் தெரிந்த லைன்காரர்களான உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. "கழட்டுடா கண்ணு. சுருட்டாதே, சிக்கிக்கும்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் லைனுக்கு நான் மருமகளாக வந்தபோது அக்காவின் வீடுதான் லைனுக்கே அழகு வீடு. வீடு என்றால் கம்பெனி கொடுத்த ஒன்றரை அறை. அதற்குள் எத்தனை! சுவர் முழுக்க ஒட்டிய அருவிப் படம், யாரும் போய்ப் பார்க்காத ஏதோ தேசத்து அருவி. ஷட்டர் போட்ட மரப்பெட்டிக்குள் டி.வி. அதன்மேல் குரோஷா விரிப்பு, விரிப்பின்மேல் பிளாஸ்டிக் ரோஜா. பிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட வெல்வெட்டில் சட்டை தைத்துப் போட்டிருந்தார். "பிரிட்ஜுக்குக் குளிருமாக்கா?" என்று கேட்டேன். "உனக்கு நாக்குல குளிர் விட்டுப்போச்சிடி" என்றார்.

ஷோகேஸில் வரிசையாகப் பீங்கான் பொம்மைகள். ஒரு நாள் அன்னப்பறவை அழகாக இருக்கிறதே என்று எடுக்கப் போனேன். பறவையோடு கண்ணாடித் தட்டும் கூடவே கிளம்பிவிட்டது. ஐயோ என்று அலறினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி, எல்லாப் பொம்மைகளையும் அடியில் ஒட்டிவைத்திருந்தார். காரணம் உங்களுக்குத் தெரியும், எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கீழே சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே வீடுகள் குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மெழுகு இல்லாத வீட்டில் ஒரு பொம்மைக்கும் ஆயுசு கெட்டியில்லை.

மணித்திரை மட்டும் ஒட்டாமல் தொங்கியது. வாசல்படியில் சரம் சரமாகப் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடி மணிகள். நிலம் லேசாக அதிர்ந்தாலும் முதலில் அதுதான் சொல்லும். "காத்துன்னா ஒரு பக்கமா ஆடும். கீழேருந்து வந்தா நின்ன எடத்துலயே நடுங்கும்" என்பார் அக்கா. பாத்திரம் கடகடவென்றால் போதும், லைன் பெண்கள் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அக்கா வாசலுக்கு வந்துவிடுவோம். மணி நிற்கும்வரை யாரும் பேச மாட்டோம். நின்ற பிறகு அக்கா சொல்வார், "நின்னுடுச்சி. போயி சோறாக்குங்க."

கல்யாணமாகி முதல் மழைக்காலத்தில் ஒரு ஏர் பிளாஸ்ட் பெரிதாக வந்தது. என் வீட்டுக்காரரும் அக்கா வீட்டுக்காரர் லூர்து அண்ணனும் ஒரே ஷிப்டில் கீழே இருந்தார்கள். நான் செருப்பில்லாமல், ஆட்கள் கீழே இறங்கும் ஷாப்டை நோக்கி ஓடினேன். அக்கா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "கேட்டுல நின்னு இன்னா பண்ணப் போற? இங்க நில்லு. மணி நிக்கட்டும்." மணி நின்றதும், "போயி சோறாக்குடி, வர்றவருக்குப் பசிக்கும்" என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வருவாரென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். "எனக்கு இன்னாடி தெரியும்? சோறு வெந்தா ஆள் வந்துதானே ஆவணும்" என்றார். குரல் அசையவில்லை. என் மணிக்கட்டில் மட்டும் அவர் விரல்கள் பதிந்துபோயிருந்தன. இருட்டிய பிறகு இருவரும் மண்ணும் வேர்வையுமாக வந்து சேர்ந்தார்கள். அன்று வடித்த சோறு குழைந்துவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

வேறொரு சமயம் எங்கள் லைனில் ஒரு வீட்டில் சோறு வெந்தும் ஆள் வரவில்லை. அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் அக்கா தன் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். "ஆள் வந்துதானே ஆவணும்" என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. சோறாக்கச் சொல்வதை மட்டும் விடவில்லை.

சுரங்கத்தை மூடினார்கள். லூர்து அண்ணன் காலமானார், என்னவரும் போனார். ஷாப்டுகளில் தண்ணீர் நின்றது. எங்கள் பிள்ளைகள் தினமும் விடியலில் வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். ராபினுக்குப் பெங்களூரிலேயே பெண் எடுத்தோம். திவ்யா நல்ல பெண், ஆனால் வீட்டைப் பார்த்து மலைத்துப்போனாள். பழசையெல்லாம் எடுத்துவிட்டுச் சாம்பல் நிறச் சுவர், பால்ஸ் சீலிங், மறைவிலிருந்து எரியும் விளக்கு என்று ஆரம்பித்தாள். "மேல ஒரு கூரை இருக்குது, கீழ இன்னொண்ணு எதுக்குமா? மழை ரெண்டு தரம் பெய்யுமா?" என்று கேட்டாரே தவிர அக்கா தடுக்கவில்லை. அருவி போனது. டி.வி. பெட்டி போனது. பொம்மைகளைச் சூடான கத்தியால் தானே பெயர்த்துக் கொடுத்தார்.

மணித்திரைக்கு வந்தபோதுதான் வாசலை மறித்து நின்றார். "அத்தை, சலூன் கடை மாதிரி இருக்கு. கீழேதான் இப்ப யாருமே இல்லையே" என்றாள் திவ்யா. "தெரியும்மா" என்றார் அக்கா. "பூமி இன்னும் அசையுதில்ல? நான் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்." திவ்யா முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அக்கா இருந்த வரைக்கும் இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு ராபின் திரையை ஒரு வாளியில் போட்டுக்கொண்டு வந்தான். "தூக்கிப்போட மனசு வரல ஆண்ட்டி. நீங்க வச்சுக்கோங்க." மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு லைனில் என் வீட்டு வாசலில் மாட்டினேன். தலையில் இடிக்கிறது, சேலையில் சிக்குகிறது. அக்கா எப்படித்தான் இதோடு குடும்பம் நடத்தினாரோ!

போன வாரம் சாயங்காலம் அடுப்பில் பாத்திரம் கடகடத்தது. காற்றே இல்லை. மணிகள் நின்ற இடத்திலேயே நடுங்கின. லைனில் மிச்சமிருக்கிற கிழவிகள் பழக்கத்தில் அக்கா வாசலுக்குப் போய், காலி வாசலைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்னால் திவ்யா ஓடி வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தை, முகமெல்லாம் வெளுத்து. ராபின் அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிகளையே பார்த்தாள்.

"ஆண்ட்டி, நின்னுடுச்சா?"

திரை என் வாசலில் இருக்கிறது, அக்கா. உன் வார்த்தையும் என்னிடம்தான் இருக்கிறது.

"நின்னுடுச்சிம்மா. போயி சோறாக்கு. வர்றவனுக்குப் பசிக்கும்."