பேனரில் வந்த ஹால்

வீட்டு அலங்காரப் பத்திரிகைகளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவர்கள் அச்சிடும் வீட்டை அதற்கு முன்னால் வேறெங்கும் யாரும் பார்த்திருக்கக் கூடாது. ராஜபாளையத்தில் இன்டீரியர் வேலை பார்க்கும் என்னை ஒரு சென்னைப் பத்திரிகை திரும்பிப் பார்க்கவே பல வருடம் ஆனது. கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் முடித்த ராணுவக்காரர் வீட்டைப் படமெடுக்க ஒப்புக்கொண்டார்கள். படமெடுக்கும் நாளுக்கு மறுநாள் அங்கே பால் காய்ச்சுகிறார்கள், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

புகைப்படக்காரர் வருவதற்குள் போய்விடலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினேன். தெருமுனை திரும்பியதும் பிரேக் போட்டேன். மாடி உயரத்துக்கு ஒரு பேனர். புதுமனை புகுவிழா, வருக வருக. வீட்டுக்காரத் தம்பி சீருடையில் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் என் ஹால். எல்லையில் இருந்தவர் ஆசையாகக் கேட்கிறாரே என்று நான் போனில் அனுப்பிய அதே படம். காதுகுத்துக்கே முச்சந்தியில் பேனர் வைக்கிற ஊர் இது. என் புத்தி எங்கே போனது?

வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்த தம்பியிடம் ஓடினேன்.

"தம்பி, அந்தப் பேனர எறக்கச் சொல்லுங்க. இல்லன்னா படம் எடுக்க மாட்டாங்க."

"விசேசத்துக்கு முன்ன எறக்குனா நல்லாவாக்கா இருக்கும்? சொந்தக்காரவுக என்ன நெனைப்பாக?"

"உங்க வீடு புக்குல வரப்போகுது. இதுக்கு எம்புட்டு அலைஞ்சிருக்கேன் தெரியுமா?"

"அந்தப் புக்குல நான் இருப்பனாக்கா?"

அந்தப் பத்திரிகையில் ஆட்களே இருக்க மாட்டார்கள். சோபா இருக்கும், விளக்கு இருக்கும், ஜாடியில் இரண்டு குச்சி இருக்கும்.

"இருக்க மாட்டீங்க" என்றேன்.

"வியாழக்கெழம லீவு முடிஞ்சு போறேன். இது என் வீடுன்னு ஊரு பாக்க அது ஒண்ணுதான் இருக்கு. விட்ருங்கக்கா."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவர் கெஞ்சினார்.

அதற்குள் புகைப்படக்காரரின் கார் சரியாகப் பேனருக்குக் கீழே வந்து நின்றது. இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உடனே பத்திரிகை ஆசிரியைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"இப்பவே கழட்டிடுங்க, நான் கண்டுக்கல" என்றார் ஆசிரியை. "இல்லன்னா ஹால் கிடையாது. மத்த ரூமுக்கு ரெண்டு பக்கம் தர்றேன், அவ்வளவுதான்."

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்மேலேயே எரிச்சலாக வந்தது.

"பேனர் இருக்கட்டும் மேடம்" என்றேன்.

இதழ் வந்தது. சமையலறையும் மாடிப்படியும் அழகாகத்தான் வந்திருந்தன. எந்த ஹாலை நம்பி அந்த வீட்டின் விவரத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினேனோ அது இல்லை. அன்று முழுவதும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சொல்லியிருப்பார்கள் போல. எல்லையிலிருந்து தம்பி கூப்பிட்டார்.

"ஹால் வரலியாமே. என்னாலதானக்கா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு தம்பி."



"நானும் அந்த ஹாலுல இன்னும் ஒழுங்கா உக்காரலக்கா" என்றார்.