படிக்காமல் அழித்த கடிதம்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பசுமலையில் எங்கள் வீட்டு மாடியில் புறா வளர்க்கிறேன். புறா வளர்ப்பவர்களுக்காக இணையத்தில் ஒரு சிறிய தமிழ்க் குழுவை நானே நடத்துவதில் எனக்குப் பெருமை அதிகம். அதில் லாட்டரி, மாத்திரை என்று ஆங்கில விளம்பரங்கள் தினமும் வந்து குவியும். வரும் கடிதத்தின் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தாலே படிக்காமல் அழித்து, அனுப்பியவரையும் தடை செய்துவிடுவேன்.

ஒருநாள் பேரையூரிலிருந்து ஒருவர், குழுவின் முகப்பில் இருந்த என் எண்ணுக்குப் பேசினார்.

"ஏம்மா, புறாவுக்குக் கழுத்து திருகுது, என்ன செய்யன்னு கேட்டு எழுதுனேன். இங்கன பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து வராது. தமிழத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சேன். என்னையவே வெளிய தள்ளிட்டியேம்மா!"

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"ஒண்ணுவிடாம அம்புட்டும் செத்துப்போச்சு. கூண்டையும் பிரிச்சுட்டேன்."

நோய் கண்ட புறாவை உடனே தனியாக அடைத்துவையுங்கள் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் சில புறாக்களாவது பிழைத்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இப்போது எந்தக் கடிதத்தையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் அழிக்கிறேன். அவர் மீதான தடையையும் அன்றே நீக்கினேன். அவர் மறுபடி எழுதவில்லை.