கிளுவைகள் போன நாள்

உக்கடம் பெரியகுளத்துக்கு நீலச்சிறகுக் கிளுவைகள் ஐப்பசியில் வரும், பங்குனியில் வடக்கே திரும்பிவிடும். இந்தச் சிறு வாத்துகள் வந்த நாளையும் போன நாளையும் பதினோரு வருடமாகக் குறித்து வருகிறேன். போன நாள் சரியாகத் தெரிய வேண்டுமானால் மாசிக் கடைசியிலிருந்து தினமும் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வருடம் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். மாசி பிறந்ததிலிருந்து நான் வாசலைத் தாண்டவில்லை.

“வாத்துத்தானே? சந்தையில ஒண்ணு வாங்கியாந்து கட்டில் கால்ல கட்டிப்போடு அம்மணி, நானும் பாக்கறேன்” என்றார் படுக்கையிலிருந்தே.

பங்குனி நடுவில் நாத்தனார் வந்த அன்று, ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு குளத்துக்கு ஓடினேன். கிளுவை ஒன்றுகூட இல்லை. வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்துகள் மட்டும் ஆகாயத்தாமரை ஓரம் மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் உட்காருவதற்குள் நாத்தனாரின் ஃபோன் வந்தது.

“அண்ணி, அம்மா உங்களைத்தான் கூப்பிடுதுங்க. நான் தொட்டாக் கூச்சமா இருக்குதாமாங்க.”

வீட்டில் துணி மாற்றிவிடும்போது மாமியார் கேட்டார்: “பாத்துட்டியா?”

“எல்லாம் போயிருச்சுங்க அத்தை. எப்பன்னுதான் தெரியலீங்க.”

“நேத்துன்னு எழுதிப்போடு. ஆரு வந்து கேக்கப் போறாங்க?”

நோட்டில் போன நாளுக்கான கட்டத்தில், ‘தினமும் போய்ப் பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.